அலறுகிற வண்டி

"மூணாவது தடவைடா இது" என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில், பஞ்சருக்குக் காத்திருந்த ஆள் செல்போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தாதீங்க மாஸ்டர், பக்கத்துலதானே நிக்கறேன்" என்றான் மெக்கானிக். அவரிடம் கார் ஓட்டக் கற்றவன்தான். அவர் வாய் அவனுக்குப் பழகிப்போனது. ஆனால் இன்று அவனுக்கும் கோபம்.

டிரைவிங் ஸ்கூலுக்கு இருப்பது இந்த ஒரே பழைய கார். நியூட்ரலில் சும்மா நிற்கும்போதே ஆக்சிலேட்டரில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி அலறும். கிளட்சிலிருந்து காலை எடுத்தால் பாயும். காலையில் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போன வண்டியை அதிகாரி மைதானத்துக்குள்ளேயே விடவில்லை.

"நாளைக்கும் இப்படியே வந்தா ஸ்கூலை மூடிட வேண்டியதுதான்னு சொல்லிட்டார்ணே" என்றாள், ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டரின் மகள். "அப்பாவுக்கு வேற என்ன தொழில் தெரியும்?"

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் தூக்கினான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் அலறினால், எங்கோ காற்று கூடுதலாக உள்ளே போகிறது என்று அர்த்தம். எந்த வழியாக என்பதுதான் கேள்வி.

ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்து விட்டான். ஸ்பிரிங் டக்கென்று பழைய இடத்துக்கு வந்தது. சோக் முழுசாகத் திறந்திருந்தது. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறடால் நெரித்தான். விரிசல் விட்ட குழாயை நெரித்தால் சத்தம் இறங்கும். எதிலும் இறங்கவில்லை.

மிச்சம் இருந்தது ஐடிலிங் திருகு. காற்றுக் கதவு முழுசாக மூடிவிடாமல் ஒரு நூலிழை திறந்து வைத்திருப்பது அதுதான். போன தடவை சரிசெய்ததும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருந்தான். கோடு இப்போது வேறு பக்கம் பார்த்தது.

இன்ஜினை அணைத்தான். "யாரு இதுல கை வெச்சது?"

மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நான்தான்" என்றார் மாஸ்டர். "என் வண்டி, நான் திருகறேன். நீ வெச்ச வெப்புல வண்டிக்கு உயிரே இல்ல."

"ஏம்ப்பா, அப்போ அந்த ஆபீசர்கிட்ட நான் வாங்கின திட்டெல்லாம்?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

மெக்கானிக் குறடைத் தகரப் பெட்டியில் எறிந்தான். "கடிகாரம் மாதிரி ஓடின வண்டி மாஸ்டர். நான் சொன்னா எதைத்தான் கேக்கறீங்க? ஓடற இன்ஜின்ல மறுபடி சாவியைத் திருகாதீங்க, ஸ்டார்ட்டர் பல்லு தேஞ்சுடும்னேன். ரெண்டு ஸ்டார்ட்டர் போச்சு."

"அது கத்துக்க வர்ற மடப்பசங்க பண்றது. எனக்கே பாடம் எடுக்கறியா?"

"பாடமும் வேணாம், பரீட்சையும் வேணாம். உள்ளே உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. உங்க கண்ணு முன்னாடியே வெக்கறேன். இதுக்கு மேல இதைத் தொட்டீங்கன்னா இந்தப் பட்டறைப் பக்கம் வராதீங்க."

மாஸ்டர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். வண்டி அலறியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் ஸ்குரூடிரைவரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். அலறல் உறுமலாக இறங்கியது, உறுமல் முனகலாயிற்று. கடைசியில், விட்டு விட்டு இழுக்காமல், ஒரே சீரான மெல்லிய ஓசையில் ஓடியது. பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க ஏர் ஃபில்டர் மூடிமேல் அவன் வைத்த டீ டம்ளரில் அலைகூட எழவில்லை.

மகளுக்கு மூச்சு வந்தது. காதிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்துக் கடை ரேடியோகூடத் தெளிவாகக் கேட்டது. சிரித்தபடி அப்பாவைப் பார்த்தாள்.

மாஸ்டர் காதருகே கையைக் குவித்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினார். முகம் சிவந்திருந்தது.

"யாருடா இன்ஜினை அணைக்கச் சொன்னது?"