பூமியை ஏலம் எடுத்த கத்தரிக்காய்

தாழ்ப்பாள் போட்ட அறைக்குள்ளிருந்து மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே நின்ற உமாதேவி கதவில் காதை வைத்தாள்.

மகன் கிருஷ்ணா லாரியில் அடிபட்டுச் செத்த நாளிலிருந்து அவள் புருஷன் விஜயசங்கர் பேச்சையே விட்டுவிட்டார். போன மாதம் குற்றாலத்தில், குளிக்கத் தடை போட்டிருந்த வெள்ளத்தில், அருவிப் பாறைமேல் தனியாக நின்றவரை அவள் தம்பி கௌரிசங்கர்தான் இழுத்து வந்தான். அப்படிப்பட்ட மனுஷன் தனியாகச் சிரித்தால் எந்தப் பெண்டாட்டிதான் பயப்படமாட்டாள்? தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அத்தானுக்குப் புத்தி கித்தி பெரண்டுட்டாலே?"

"ஒண்ணுமில்லக்கா. கிருஷ்ணா பழைய கடையில வாங்கினானே, அட்டை இல்லாத புஸ்தகம், அதப் படிக்காவ. பூமிய ஏலம் போடுதானுவ. ஒரு கத்தரிக்கா வந்து ஏலம் எடுக்குது. சிரிப்புக் கதை."

ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் படிப்பார். பிறகு மூலையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுவார்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து உமாதேவி அதை எடுத்துப் பிரித்தாள். கத்தரிக்காய் தீர்ப்புச் சொல்லியிருந்தது: 'மனிதர்கள் இருந்தாலும் ஒன்றுதான், செத்தாலும் ஒன்றுதான். எண்ணெய்ச்சட்டியை மட்டும் ஒழித்துவிடுங்கள்.'

"இது சிரிப்பாலே? சாவத் தேடிப் போன மனுசன்கிட்ட, செத்தாலும் ஒண்ணுதான்னு எழுதி வச்சிருக்கான்."

"அப்ப அழுதுக்கிட்டே கெடந்தா ஒனக்கு நிம்மதியாக்கும்?"

அவள் காதில் வாங்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் சித்தாற்றுப் பாலத்தில் நின்று புத்தகத்தை வீசினாள். குற்றால அருவித் தண்ணீர் முழுக்க ஆற்றில் புரண்டு வந்துகொண்டிருந்தது. பீடை ஒழிந்தது என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் விஜயசங்கர் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். போர்வையை உதறினார். அறையை விட்டு வெளியே வந்தார்.

"உமா, புஸ்தகம் எங்க?"

எத்தனையோ மாதம் கழித்து அவர் அவள் பெயரைச் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆத்துல போட்டுட்டேன். நமக்கு அது வேண்டாம். நல்லதா சாமி கதை வாங்கித் தாரேன்."

அவர் திட்டவில்லை. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"மழை கொட்டுது. இந்நேரம் எங்கன போறிய?"

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கத்தரிக்கா கடைசில என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிடத்தான் உமா, நான் இத்தன நாளும் இருந்தேன்."