குடைக்குள் ஆள்

சோதனைத் தடத்தில் நின்ற துணிப் பொம்மைக்குக் ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் காரின் கேமராமேல் கடுங்கோபம்.

"கண்ணை எங்கேடா வச்சிருந்தே? மறுபடியும் மோதிட்டியே!"

"குடை பிடிச்சிருந்தியேண்ணே. காளான்னு நினைச்சேன்."

"ஆளுயரக் காளான் எந்த ஊர்லடா முளைக்குது?"

ஆராய்ச்சியாளர் தமயந்தி பொம்மையின் கிழிசலைத் தைத்தாள். பிறகு, குடையோடு நடப்பவர்களின் படங்களைக் கேமராவுக்குச் சலிக்காமல் காட்டிப் பழக்கினாள்.

அடுத்த சோதனையன்று நல்ல மழை. குடையோடு நின்ற பொம்மையை நோக்கிக் கார் பாய்ந்து வந்தது. மையால் வரைந்த கண். பயந்தாலும் மூட வழியில்லை.

ஒரு முழம் தள்ளிக் கார் நின்றுவிட்டது.

"குடைக்குள்ளே ஆளிருக்குண்ணே!" என்றது கேமரா.

"நல்லா இருடா," என்றது பொம்மை.

தமயந்தி அந்தக் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே சாலையைக் கடக்கப் போனாள்.

"அதோ போறது நம்ம அம்மாடா. மறந்துடாதே."

"மறப்பேனாண்ணே?"