வீட்டுக்குள் வந்த மீன்குழம்பு

ஸ்ரீவல்லி வாழவந்த நாளிலிருந்து மீன் வாசனையே ஏறாத திருப்பதி மாடிவீடு இது. ஆசை வந்தால் அவள் புருஷன் சம்பத் நகரி ஊருக்குப் போய், அக்கா வீட்டில் சாப்பிட்டுக் குளித்துவிட்டுத்தான் திரும்புவான். இன்று அவன் கட்டிலில் எலும்பும் தோலுமாய்ச் சாய்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக் காஞ்சனா கொடுத்த மீன்குழம்பு ஜன்னல் வெயிலில் சிவப்பாய் மினுங்குகிறது. ஸ்ரீவல்லி மூச்சை அடக்கிக்கொண்டு சோற்றைப் பிசைகிறாள். "நம்ம வூட்லயே மீனா?" என்று சிரிக்கிறான். "ஆசைப்பட்டேளே, சாப்பிடுங்கோ." அவன் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. "டாக்டரு இன்னா சொன்னாரு, வல்லி?" மீனைத் தொட்டறியாத அவள் விரல்கள் முள்ளைத் தேடித் தேடி எடுக்கின்றன. "வாயைத் திறங்கோ" என்கிறாள், குரல் உடைய. அவள் முகத்தையே பார்த்தபடி அவன் வாயைத் திறக்கிறான்.