ஏதோ ஓர் ஆபீஸில்

அரசு ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற ஜெசிந்தா, ஊருக்கு வெளியே ஒரு புது அடுக்குமாடி வீட்டுக்குத் தனியாகக் குடிவந்தாள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஏதோ ஒரு ஆபீஸ்லங்க" என்று சொல்லி வைத்தாள். நர்ஸ் என்று தெரிந்தால் ஊசியும் மாத்திரையுமாக வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவளுக்குச் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மதியம் எதிர்வீட்டு மைமூனா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். ஜெசிந்தா அவள் பின்னாலேயே போனாள். அங்கே மைமூனாவின் மாமனார் வியர்த்து, வாய் குழறி, சோபாவில் சரிந்து கிடந்தார். "சுகருக்கு ஊசி போட்டுக்கிட்டாருக்கா. சோறு வேணாம்னுட்டாரு."

ஜெசிந்தாவின் மூன்று விரல்கள் தாமாகவே அவர் மணிக்கட்டைப் பற்றின. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உட்புறம் தடவினாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்து மருமகளைக் கூப்பிட்டார். ஜெசிந்தா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். இனி வாசலில் வரிசை நிற்கும் என்று நினைக்கவே உடம்பு கனத்தது.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மைமூனா மட்டும்தான் நின்றாள், கையில் ஒரு கிண்ணம் இடியாப்பத்தோடு.

"எல்லாரும் விசாரிச்சாங்கக்கா. உங்க பேரச் சொல்லல, அவராவே எந்திரிச்சிட்டாருன்னு சொல்லிட்டேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "நீங்க படுங்க."

ஜெசிந்தா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். சாத்தப்போன கதவை மறுபடி திறந்தாள்.

"மாமா காலையில சாப்பிட்டாரா?"