ஹில்லாவின் முறை

"மிர்வா, இன்னிக்கு நாம போயே ஆகணுமா? எனக்குத் தலை வலிக்குது."

"உன் தலைவலிக்கு வேற நாளே கிடைக்கலையா? பேசாம வா."

வெசாவுக்குத் தலைவலி இல்லை. மகள் ஹில்லாவின் பள்ளி நிகழ்ச்சிக்குப் போகத்தான் பயம்.

பள்ளி வாசலில் எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு இரண்டாம் வகுப்புக்குள் போனார்கள். பெரிய மனிதர்களெல்லாம் முழங்கால் மோவாயில் இடிக்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காபியும் ஏலக்காய் பன்னும் சுற்றி வந்தன. வெசா பன்னைத் தொடவில்லை.

ஐலா டீச்சர் நிகழ்ச்சியை விளக்கினார். ஒவ்வொரு குழந்தையும் பெஞ்சின் மேல் ஏறி, பெரியவர் ஆனதும் என்ன ஆகப்போகிறது என்று சொல்லும். உடனே அதன் அப்பாவோ அம்மாவோ எழுந்து, தான் பார்க்கும் வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும்.

மிர்வா கணவனை முழங்கையால் இடித்தாள். "நீயே பேசு. என் பேங்க் கதை யாருக்கு வேணும்? காகித மில்லுன்னா பிள்ளைங்க வாயைப் பிளந்துக்கிட்டுக் கேக்கும்."

அந்தக் காகித ஆலையில்தான் வெசாவுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. நோட்டீஸ் காலச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் மிர்வாவுக்குச் சந்தேகமே வரவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவான். ஆலைக்குப் போகாமல், உறைந்து கிடக்கும் ஏரிக்குப் போய், ஓய்வுபெற்ற கிழவர்களோடு கிழவனாகப் பனியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவான். அகப்படும் மீனை அவர்களுக்கே கொடுத்துவிட்டு, சாயந்திரம் களைத்த முகத்தோடு வீடு திரும்புவான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாள் ஓடிவிட்டது.

இப்போது இத்தனை பேர் முன்னால் எழுந்து என்ன சொல்வது? மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்வதா? உண்மையைச் சொன்னால் மிர்வா இந்த இடத்திலேயே உடைந்துபோவாளே!

மடியிலிருந்த தொப்பியைப் போட்டுப் பிசைந்தான். ஹில்லா கைவேலை வகுப்பில் பின்னிக் கொடுத்த தொப்பி. ஆரஞ்சும் பச்சையுமாகக் கோணல்மாணல் கோடுகள், உச்சியில் ஊதாக் குஞ்சம். பார்த்தவர்கள் சிரித்தாலும் அதைப் போடாமல் அவன் ஒருநாளும் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை.

"நான் தீயணைப்பு வண்டி ஓட்டுவேன்!"

"நான் பூனை டாக்டர். நாய்க்கெல்லாம் ஊசி போடமாட்டேன், கடிக்கும்!"

வகுப்பே சிரித்தது. வெசா மட்டும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தது ஹில்லாதான். இல்லை, வேறு ஒரு பையன். அப்போ இதற்கு அடுத்தது நிச்சயம் ஹில்லா. இல்லை...

"அவ்வளவுதான்! வந்த எல்லாருக்கும் நன்றி," என்றார் டீச்சர்.

வெசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிர்வாவுக்கோ கோபம் தலைக்கேறியது.

"ஒரு நிமிஷம் ஐலா! என் பொண்ணுன்னா உங்களுக்கு என்ன இளக்காரமா?"

டீச்சர் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்குங்க. விட்டுப்போச்சு. என் தப்புதான்."

"எல்லாப் பிள்ளையும் ஞாபகம் இருந்துது, இவ மட்டும் விட்டுப்போச்சா? வாரம் பூரா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகினா. என்ன பேசப்போறேன்னு எங்ககிட்டகூடச் சொல்லலை. சரி, இப்போ ஏத்துங்க பெஞ்சு மேல."

"இல்லை, இன்னிக்கு வேண்டாம். பிள்ளைங்க களைச்சுட்டாங்க."

"ரெண்டு நிமிஷத்துல என்ன களைச்சுடுவாங்க?"

"வேண்டாம் மிர்வா."

வாய்ச்சண்டை பார்த்துப் பழகாத ஃபின்லாந்துக்காரர்கள், காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"நீ என்ன கல்லு மாதிரி உக்காந்திருக்கே? கேளேன்!" என்று மிர்வா கணவன் பக்கம் திரும்பினாள்.

வெசா தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆமா டீச்சர். பிள்ளை மனசு என்ன பாடுபடும்? இது நியாயமே இல்லை."

சொல்லும்போதே அவனுக்குக் கூசியது.

டீச்சர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஆமா, நியாயமில்லைதான்," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கே ஹெட்மாஸ்டரைப் பாக்கறேன்!" என்று சொல்லிவிட்டு, காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட மிர்வா விறுவிறுவென்று வெளியே போனாள்.

நடைவழியில் மண்டியிட்டு மகளுக்குக் காலணி மாட்டிவிட்டான் வெசா. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"வருத்தமா இருக்காடா கண்ணு?"

"இல்லியே."

"டீச்சர் உன்னை மறந்துட்டாங்களே?"

"மறக்கலைப்பா. மத்தியானமே டீச்சர்கிட்ட நான் பேசிக் காட்டினேன். இதை எல்லார் முன்னாலயும் சொல்லவேண்டாம், முதல்ல அப்பாகிட்ட மட்டும் தனியாச் சொல்லுன்னாங்க. அம்மா திட்டினா நான் வாங்கிக்கறேன்னும் சொன்னாங்க."

"எதைச் சொல்லணும்?"

ஹில்லா அவன் கையிலிருந்த தொப்பியை வாங்கி, அவன் தலையில் மாட்டி, காது மூடும்படி இழுத்துவிட்டாள்.

"கிளாஸோட பனிச்சறுக்கு விளையாட ஏரிக்கு எப்போ போனாலும், நீ அங்கேயே உக்காந்திருந்தே. தூரத்துல வர்றப்பவே கண்டுபிடிச்சுட்டேன். இந்தத் தொப்பி உலகத்துலயே ஒண்ணுதானேப்பா இருக்கு?"

வெளியே மிர்வா ஹாரன் அடித்தாள். வகுப்புக்குள் ஐலா டீச்சர் தனியாகக் குட்டி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஹில்லா அப்பாவின் காதோரம் குனிந்தாள்.

"பெரியவளானதும் நான் எல்லாருக்கும் வேலை குடுக்கிற முதலாளி ஆகப்போறேன். முதல் வேலை உனக்குத்தான்ப்பா!"