கழலாத பிளக்

“இதை எந்த எருமை மாடு இப்படி இறுக்கிச்சோ!” காருக்கு அடியிலிருந்து கணவனின் குரல் வந்தது.

“நீங்கதான். ஆறு மாசம் முன்னாடி,” என்றாள் மனைவி, நாற்காலியை விட்டு அசையாமல்.

மல்லாந்து படுத்திருந்த நிலையிலும் அவன் நெஞ்சு நிமிர்ந்தது. நம்ம கைக்கு இவ்வளவு பலமா!

இஞ்சினின் அடியில், பழைய ஆயிலை வடிப்பதற்கென்று இருப்பது ஒரே ஒரு பிளக். அதைக் கழற்றத்தான் காலையிலிருந்து இத்தனை கூத்து. ஸ்பேனர் வழுக்கி வழுக்கிப் பிளக்கின் முனைகள் மழுங்கிவிட்டன. அவன் விரல் முட்டிகளிலும் தோல் மிச்சமில்லை.

“நேத்து நான் அம்மா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனப்போகூட வண்டி நல்லாத்தானே இருந்துச்சு? பேசாம அண்ணன் ஒர்க்‌ஷாப்புல விட்டுடலாம்.”

அந்த அண்ணனைத்தான் அவனுக்குக் கண்டாலே ஆகாது. போன தடவை இவன் பிளக்கை மாட்ட மறந்துவிட்டுப் புது ஆயிலை ஊற்ற, நாலு லிட்டரும் வாசல் வரை ஓடியது. அதைச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நடித்தே காட்டிய மச்சான் அவர்.

“உங்கண்ணன் கை இந்த வண்டி மேல படக்கூடாது!”

“சரி. பன்னண்டு மணிக்குள்ள கழட்டுங்க. இல்லேன்னா ஸ்பேனர் பெட்டி பழைய இரும்புக்காரனுக்குத்தான். அப்புறம் வண்டியில நீங்க ஹாரன் மட்டும் அடிச்சுக்கலாம்.”

மணி பதினொன்றே முக்கால். மானம் போகிற விஷயம். ஒரு சைஸ் சின்ன சாக்கெட் ஸ்பேனரை எடுத்து, மழுங்கிய பிளக்கின் மேல் சுத்தியலால் அடித்து ஏற்றினான். அதன் பிடியில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

டக்!

பிளக் சுழன்று கையோடு வந்தது. தேன் நிறத்தில், அடி தெரிகிற தெளிவில், ஆயில் பிளாஸ்டிக் தொட்டியில் இறங்கியது.

“பார்த்தியா! ஆறு மாசம் ஓடியும் கறுக்கவே இல்ல. ஓட்டுறவன் ஓட்டினா ஆயிலும் அழுக்காகாது!”

மனைவி குனிந்து தொட்டியைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “பெரிய ஆளுதான் நீங்க,” என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனாள்.

அவன் அங்கேயே படுத்தபடி பிளக்கைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மச்சானை ஜெயித்தது இன்றைக்குத்தான். சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

சமையலறை ஜன்னல் வழியாக அவள் போனில் கிசுகிசுப்பது கேட்டது.

“அண்ணா, நேத்து நீ புது ஆயில் ஊத்தி அவ்வளவு இறுக்கியும் கழட்டிட்டாரு. அடுத்த தடவை வெல்டே வெச்சிடு.”