குனிஞ்ச வண்டி நிமிரலை

"முன்னாடி ரெண்டு ஸ்பிரிங்கையும் கழட்டிடு ரவூப். காத்துப் பை வை. சுவிட்சை அமுக்கினா வண்டி மூஞ்சி தரையைத் தொடணும்."

சுந்தர் இப்படிச் சொன்னப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. சரக்கு ஏத்துற பிக்கப்டா அது! ஆனா கூட்டாளி கேட்டுட்டானே. ரங்கூன் அலோன் பேட்டையில இருக்கிற என் பட்டறையில மூணு வாரம் மல்லாந்து கிடந்து, ஸ்பிரிங் இருந்த இடத்துல பக்கத்துக்கு ஒண்ணா ரப்பர் பை வச்சேன். காத்து ஏறினா வண்டி நிமிரும், இறங்கினா குனியும்.

அதுக்கப்புறம் அந்த வண்டியில ஒரு மூட்டை ஏறலை. பெயிண்ட் போயிடுமாம். வண்டி நிழல்ல நிக்குது, இவன் வேலைக்கு பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறான்.

இந்த லட்சணத்துல போட்டாதாங் பேட்டைக்குப் பொண்ணு பார்க்கப் போனோம். "இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் வண்டியைத்தான் கட்டிக்கணும் ரவூப்"னு வழியெல்லாம் புலம்பல்.

பொண்ணோட அப்பா தங்கவேலு, "தம்பிக்கு வயசு?"ன்னார்.

"முப்பத்திநாலு."

எனக்கு நாப்பது. இவன் என்னைவிட ஒரு வயசு மூத்தவன்.

"தொழில்?"

"சொந்த வண்டி மாமா. தினம் நாலு லோடு."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா, ஆமா"ன்னேன். அல்லா என்னை மன்னிக்கணும்.

அவரும் சும்மா இல்லை. "எங்க அம்சவேணிக்கு இருபத்தெட்டு. வாசப்படி தாண்டாத பொண்ணு"ன்னார். டீ கொண்டு வந்த பொண்ணு நகத்துக்கடியில கறுப்பா ஏதோ இருந்தது. அடுப்புக் கரின்னு நினைச்சுக்கிட்டேன்.

"வண்டியைப் போபோஜிகிட்ட காட்டியாச்சா?"ன்னு பொண்ணோட அம்மா புஷ்பலதா கேட்டாங்க.

ரங்கூன்ல வண்டி வாங்கினா, பெகு ரோட்டு ஆலமரத்தடி போபோஜி சாமிகிட்ட கொண்டு போகணும். தழை கட்டி, சன்னிதி முன்னாடி மூணு தடவை முன்னே பின்னே நகர்த்தணும். அதுதான் வண்டி போடுற கும்பிடு.

ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் கிளம்பினோம். பொம்பளைங்க ரெண்டு பேரும் முன்னாடி சுந்தர் பக்கத்துல, நானும் தங்கவேலுவும் பின்னாடி.

"என் வண்டி முன்னே பின்னே எல்லாம் போகாது மாமா. நிஜமாவே கும்பிடும், பாருங்க!"

சுவிட்சை அமுக்கினான். புஸ்ஸ்ஸ்! வண்டி மூஞ்சி தரையில போய் உட்கார்ந்தது. கூடியிருந்த பர்மாக்காரங்க கை தட்டினாங்க. சுந்தர் மீசையைத் தடவிக்கிட்டே இறங்கினான். அம்சவேணி செருப்பை உள்ளே வச்சுட்டுக் கடைசியா இறங்கிச்சு.

சாமி கும்பிட்டு வந்து சுவிட்சை மேலே தள்ளினான். ஒண்ணும் நடக்கலை. திரும்பத் தள்ளினான். ம்ஹூம்.

பின்னாடி ஏழெட்டுப் புது வண்டி ஹார்ன் அடிக்குது. எனக்கு மானம் போகுது, வேலை என் வேலையாச்சே! கீழே புகுந்து ஒவ்வொரு குழாயாத் தடவினேன். எங்கேயும் காத்து கசியலை. எழுந்து, உள்ளே முன் சீட்டுக்கு எதிர்ல இருக்கிற ஃபியூஸைப் பார்க்கலாம்னு கையை நீட்டினேன்.

"அம்மா, மனசுல பொய்யை வச்சுக்கிட்டு வந்தா போபோஜி வண்டியை விடமாட்டாராமே?"ன்னு அம்சவேணி மெதுவாக் கேட்டிச்சு.

புஷ்பலதா நெஞ்சுல கை வச்சாங்க. புருஷனை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க, மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு.

"நான்தான் தம்பி... வாசப்படி தாண்டாதுன்னு சொன்னது பொய். பத்து வருஷமா படகுத்துறையில எஞ்சினுக்கு வயரிங் பண்ணுது."

"வயரிங்கா!" சுந்தர் வாயைப் பொளந்தான். லாட்டரி விழுந்தவன் மாதிரி பொண்ணையே பார்த்தான். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "மாமா, எனக்கு நாப்பத்தொண்ணு. முடிக்கு மை. லோடெல்லாம் சும்மா. நான் பஸ்ஸுலதான் போறேன்."

போச்சுடா, கல்யாணம் காலின்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். தங்கவேலுவோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"யோவ், எம் பொண்ணுக்கு முப்பத்தெட்டுய்யா!"

"நாளையிலேர்ந்து மூட்டை ஏத்துறேன் மாமா. சத்தியமா."

"ஏத்துங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளைன்னுட்டார்! ஆனா வண்டி மட்டும் அசையலை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க.

"வலது பக்கப் பை புதுசு இல்லடா. ஒட்டுப் போட்டது"ன்னேன். சுந்தர் முறைச்ச முறைப்பு இருக்கே! "மாத்தித் தர்றேன்டா"ன்னுட்டு, அவன் கண்ணுல படாம ஃபியூஸ் பெட்டிக்குள்ள தலையை விட்டேன்.

சுவிட்சோட ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

பக்கத்துல ஒரு கை நீண்டது. நகத்துக்கடியில கிரீஸ். உள்ளங்கையில ஃபியூஸ்.

"போட்டுடுங்க பாய்"னு அம்சவேணி கிசுகிசுத்திச்சு. "அப்பா சொன்ன பொய் வெளியே வந்து நாலு சம்பந்தம் தட்டிப் போச்சு. இவரையாவது உண்மையைச் சொல்லிக் கட்டிக்கலாம்னுதான் கழட்டினேன்."

போட்டேன். வண்டி நிமிர்ந்தது. மூணு பேரும் கண்ணுல தண்ணியோட கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏம்மா, போபோஜி வண்டியைப் பிடிச்சு வச்சுப்பாருன்னு நீயும் ஒரு பொய் சொன்னியே?"

"ஃபியூஸைக் கழட்டின கையோட போய், ஒரு பொய் சொல்லப் போறேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன், பாய்."